நுகர்வோர் கேள்வி-பதில்: இணையத்தில் பழங்காசு வாங்கலாமா?

கேள்வி: அப்பப்பா விட்டுச்சென்ற தகரப் பேணி ஒன்றில் இருந்த பழைய சதக் காசுகளைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் நாணயம் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. முகநூலில் ஒருவர் இரண்டு காசுகளை விற்பனைக்கு இட்டிருக்கிறார். ஒன்று, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818 ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பனி அரை அணா. விலை 35,000 ரூபா. மற்றது, கந்தரோடைக் காணியொன்றில் கிண்டும்போது கிடைத்ததாகச் சொல்லப்படும் சேதுக் காசு. விலை 12,000 ரூபா. பணத்தை வங்கியில் வைப்பிலிட்ட பிறகுதான் கூரியரில் அனுப்புவாராம். வாங்கலாமா? புதிதாகத் தொடங்கும் ஒருவர் எதை, எப்படி வாங்க வேண்டும்?
– ஆசிரியை ஒருவர், கொக்குவில்

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

ராமர், அனுமன், இலட்சுமி, தாமரை ஆகியவற்றோடு 1616 என்றோ 1818 என்றோ ஆண்டு பொறித்து, 'அரை அணா' என்ற பெயரில் உலவும் இந்தச் செப்பு வட்டுகளைக் கம்பனி ஒருநாளும் அடிக்கவில்லை. தெய்வ உருவம் பொறித்த, வராகன் எனப்படும் சிறிய பொற்காசுகளைக் கம்பனி சென்னையில் அடித்தது உண்மைதான். அந்த உண்மையின் நிழலில்தான் இந்தப் பொய் நடமாடுகிறது. பிற்காலத்தில் எவரோ பட்டறையில் அடித்த பூசையறை வில்லை என்ற அளவுக்கு மேல் அதற்கு மதிப்பில்லை. அபூர்வ சக்தியால் அரிசியைத் தன்பக்கம் இழுக்கும், வீட்டுக்குச் செல்வம் கொண்டுவரும் என்றெல்லாம் கூடவே எழுதியிருந்தால், அந்த விற்பனையாளரிடம் வேறு எந்தக் காசையும் கேட்டுப் பார்க்கக்கூட வேண்டாம் என்பது என் கருத்து.

சேதுக் காசின் கதை வேறு. யாழ்ப்பாணத்து அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளுடையது என்று கருதப்படுவதும், படுத்திருக்கும் நந்தியின் கீழே 'சேது' என்று தமிழில் பொறிக்கப்பட்டதுமான அந்தச் செப்புக் காசைச் சொந்தமாக வைத்திருக்க விரும்பாத தமிழ்ச் சேகரிப்பாளர் இருக்க முடியாது. ஆனால் 'கந்தரோடையில் கிண்டி எடுத்தது' என்ற விற்பனையாளரின் பெருமை வார்த்தையே உங்களைப் பொறியில் மாட்டக்கூடியது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. காசுகளும் அதில் அடங்கும். நிலத்தில் கண்டெடுத்தவர் அதை அறிவிக்க வேண்டும். கண்டெடுத்தவர் தன் விருப்பப்படி விற்றுவிடக்கூடிய சொத்து அது அல்ல. ஆகவே அவர் சொல்வது மெய்யானால் காசு சட்டச் சிக்கலுக்குரியது, பொய்யானால் காசே போலியாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 12,000 ரூபா கொடுப்பவர் நீங்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்பலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய காசைத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? உங்கள் பேணியில் இருந்தே தொடங்குங்கள். இலங்கையின் சதக் காசுகள் 1870 ஆம் ஆண்டு முதல் பொறிக்கப்பட்டவை. 1972 இல் நாட்டின் பெயர் மாறும் வரை அவற்றில் 'சிலோன்' என்றே இருந்தது. இந்த நூறாண்டுத் தொடரில் பெரும்பாலான காசுகள் மலிவாகக் கிடைப்பதால், அவற்றைப் போலியாக அடிப்பதில் எவருக்கும் இலாபம் இல்லை. இதைவிடப் பெரிய பாதுகாப்பு புதியவருக்குக் கிடையாது. மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம், பூவிதழ் போல் விளிம்பு வளைந்த இரண்டு சதம், பத்துச் சதம் என்று கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த காசுகளே கண்ணைப் பழக்கும். நூறு மெய்யான காசுகளைத் தொட்ட விரலுக்குப் போலிக் காசின் சோப்புக்கட்டி போன்ற வழவழப்பு உடனே பிடிபடும். மத்திய வங்கி வெளியிடும் ஞாபகார்த்த நாணயங்களை வாங்குவதானால், கொழும்புக் கோட்டை சதாம் வீதியில் உள்ள அதன் பொருளாதார வரலாற்று நூதனசாலையில் முதலில் விசாரியுங்கள். இணையத்தில் அவற்றைப் பல மடங்கு விலையில் விற்பவர்கள் உண்டு.

வெள்ளிக் காசுக்கு ஆசைப்படும்போது ஆண்டைக் கவனியுங்கள். எங்கள் 50 சதக் காசு 1917 வரை ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளியில் அடிக்கப்பட்டது. 1919 முதல் அது 550 ஆகக் குறைந்தது. எடை ஏறத்தாழ ஒன்றே என்பதால் தராசு இந்த வித்தியாசத்தைக் காட்டாது, ஆண்டுதான் காட்டும். இந்திய ரூபாயும் இப்படித்தான்: 11.66 கிராம் எடையுள்ள பழைய ரூபாயில் வெள்ளி 917 பங்கு. 1940 களின் முற்பாதியில் அது பாதி வெள்ளியாயிற்று. புலி பொறித்த 1947 ஆம் ஆண்டு ரூபாயோ முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 'வெள்ளி ரூபாய்' என்று தலைப்பிட்டு மூன்றையும் ஒரே விலைக்கு விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பொறுத்தவரை, விற்பவர் கேட்கும் விலை வெறும் ஆசைதான். ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதில் தெரிவதே சந்தை விலை. எடை, விட்டம், உலோகம் ஆகியவற்றை நாணயங்களைப் பட்டியலிடும் நியூமிஸ்டா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிறகு விற்பவரிடம் இரு பக்கமும் விளிம்பும் தெரியும் படங்களும், தராசில் காசு இருக்கும் படமும் கேளுங்கள். இந்தப் படத்தைத் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பளபளவென்று மின்னும் நூறு வருடச் செப்புக் காசையும் தவிருங்கள். பழப்புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு துலக்குவது போல் துலக்கிய காசு அது; காலத்தால் படிந்த மேற்தோல் போனால் சேகரிப்பாளர் பார்வையில் மதிப்பும் போய்விடும். என் கைக்கு முதன்முதலாக வந்த 1870 ஆம் ஆண்டு ஐந்து சதத்தை நானே அப்படித் துலக்கிப் பாழாக்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: 1957 ஆம் ஆண்டு புத்த ஜயந்தி வெள்ளி ஐந்து ரூபாய் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். காந்தத்தில் ஒட்டவில்லை, அதனால் அசல்தான் என்கிறார் விற்றவர். எனக்கோ சந்தேகமாக இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்க முடியுமா? போலியென்றால் எங்கே முறையிடுவது?
– வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை என்பது நிச்சயம், ஒட்டாவிட்டால் எதுவுமே நிச்சயமில்லை, ஏனென்றால் பித்தளையும் செம்பு-நிக்கலும்கூட ஒட்டாது. அந்தக் காசு 92.5 வீத வெள்ளி, எடை 28.28 கிராம். அதே பருமனில் செம்பு-நிக்கல் கலவையில் அடித்தால் ஏறத்தாழ 24 கிராம்தான் வரும். நாலு கிராம் வித்தியாசத்தைச் சமையலறைத் தராசே காட்டிவிடும். திருத்தமாக அறிய வேண்டுமானால் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் அறிமுகமான நகைக்கடை ஒன்றில் நிறுத்துப் பாருங்கள். நிறுக்க மட்டும் சொல்லுங்கள். பழக்கதோசத்தில் உரைகல்லில் உரசிவிட்டால் அசல் காசும் அந்த நிமிடமே விலையில் விழுந்துவிடும். எடை சரியாக வந்தாலும் விட்டம் 38.6 மில்லிமீற்றருக்கு அண்மையில் இருக்கிறதா, தடிப்பு கூடுதலாக இருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் தடிப்பைக் கூட்டி எடையைச் சரிக்கட்டுவது தெரிந்த தந்திரம்.

போலியென்று கண்டால் முதலில் விற்றவருக்கு எழுத்தில் அறிவித்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு பின்னர் சான்றாகாது. ஈபே வழியாக வாங்கியிருந்தால், பொருள் கிடைத்து 30 நாட்களுக்குள் அந்தத் தளத்திலேயே பணத்தை மீளக் கோரலாம். விற்றவர் உள்ளூர் வியாபாரி என்றால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். கடையோ பெயரோ இல்லாத தனியாள் என்றால் அது மோசடி, பொலிஸுக்கே போக வேண்டும். எங்கே போவதானாலும் விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்), உரையாடல், வங்கியில் வைப்பிலிட்ட பற்றுச்சீட்டு, கூரியர் உறை, தராசில் காசு இருக்கும் படம் ஆகிய ஐந்தும் கையில் இருக்கட்டும். முகநூல் விளம்பரங்கள் ஒரே இரவில் மறைந்துவிடுவதால், விற்றவருக்கு எழுதுவதற்கு முன்னரே அந்தத் திரைப்பிடிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.