உணவுக்குழாய் ரோபோ அறுவை சிகிச்சை: கேட்டவையும் பதில்களும்

கே: டாக்டர், ரோபோ தானாகவே ஆபரேஷன் செய்துவிடுமா?

ப: செய்யாது. கன்சோலில் உட்கார்ந்து கருவிகளை அசைப்பவர் சர்ஜன்தான்.

கே: நெஞ்செரிச்சலுக்கு ஃபண்டோப்ளிகேஷன் செய்யச் சொல்கிறார்கள். லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா?

ப: முதலில் மேனோமெட்ரி, அதாவது உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை, எடுத்தீர்களா? 24 மணி நேர அமிலச் சோதனை? அக்கலேசியா, அதாவது உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளராமல் இறுகிக்கொள்ளும் நோய், இருப்பவர்களுக்கும் நெஞ்சு எரியும். அதைக் கவனிக்காமல் ஃபண்டோப்ளிகேஷன் என்று இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைத்துவிட்டால், அப்புறம் தண்ணீர் இறங்குவதே பாடாகிவிடும். சோதனைகள் சரி என்றால், முதல்முறை செய்துகொள்பவருக்கு இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ரோபோவில் செலவு கூடும். இரைப்பை மார்புக்குள் ஏறிய பெரிய ஹெர்னியா, பழைய தையல் தளர்ந்து மறுபடி செய்யும் ஆபரேஷன், இவற்றில்தான் மணிக்கட்டு போல் வளையும் கருவிகள் கைகொடுக்கும்.

கே: எனக்கு அக்கலேசியா. ஹெல்லர் ஆபரேஷனில் ரோபோவால் என்ன லாபம்?

ப: கேட்க வேண்டிய கேள்வி. இறுகிய தசையை உணவுக்குழாயில் சுமார் 6 செ.மீ., இரைப்பையில் சுமார் 2 செ.மீ. பிளக்க வேண்டும். அடியில் இருக்கும் மெல்லிய உட்சவ்வில் ஓட்டை விழக்கூடாது. பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியும் நடுக்கம் வடிகட்டப்பட்ட அசைவும் அங்கே உதவுகின்றன. ஓட்டை விழுவது ரோபோவில் குறைவு என்று பல ஒப்பீடுகள் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலான ரோபோக்களில் திசுவின் இழுப்பு கைக்குத் தெரியாது, கண்ணால்தான் கணிக்க வேண்டும். அதனால் மெஷினை விட சர்ஜனின் அனுபவத்தை விசாரியுங்கள்.

கே: வாய்வழி எண்டோஸ்கோப்பால் அதே தசையைப் பிளக்கும், தழும்பே இல்லாத போயம் (POEM) இருக்கும்போது வயிற்றில் எதற்குத் துளை?

ப: 2019-இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில், 2 ஆண்டு கழித்து போயமும் லேப்ராஸ்கோப்பி ஹெல்லரும் விழுங்குவதில் சமமாகவே இருந்தன. அமிலம் ஏறி உணவுக்குழாய் புண்ணானது போயத்தில் 44%, ஹெல்லரில் 29%.

கே: (அவரே) அதற்கு மாத்திரை இருக்கிறதே!

ப: முப்பது வயதுக்காரர் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டுமா? ஹெல்லரோடு சேர்த்தே அமிலத்தைத் தடுக்க இரைப்பையால் ஒரு பாதிச் சுற்றும் போட்டுவிடுகிறோம். போயத்தில் அது வழக்கமில்லை. உணவுக்குழாய் மேலேயும் இறுகிச் சுருங்கும் மூன்றாம் வகை அக்கலேசியாவுக்கு நானே போயத்துக்குத்தான் அனுப்புவேன், தசையை இன்னும் மேலே வரை பிளக்கலாம். எல்லோருக்கும் அதுவே என்றால் ஒப்ப மாட்டேன்.

கே: மெஷின் தவறி வெட்டிவிட்டால்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: மேனோமெட்ரி எடுக்கவில்லை, ஃபண்டோப்ளிகேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்...

ப: தேதியைத் தள்ளிப் போடுங்கள். மேனோமெட்ரி முதலில். இன்னும் எத்தனை முறை சொல்வது!

கே: அப்பாவுக்குச் சோறு சிக்குகிறது, எடையும் குறைகிறது. ரோபோ செய்யலாமா?

ப: ரோபோ பேச்சே இப்போது வேண்டாம். இந்த வாரமே எண்டோஸ்கோப்பி எடுங்கள். புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகு வாருங்கள்.