போலிஷ் நீளச் சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி: 'கொன்ஸ்தாந்தினோபொலிதாஞ்சிகொவியாநெச்கா' என்ற, போலிஷில் எழுதினால் 32 எழுத்து வரும் சொல்லில் பாதியிலேயே நாக்கு சிக்கிக்கொள்கிறது. அழுத்தம் எங்கே?

பதில்: வாலிலிருந்து ஏறுங்கள். கா, நெச்கா, வியாநெச்கா, கொவியாநெச்கா என்று ஒவ்வோர் அசையாக முன்னால் சேர்த்துக்கொண்டே போனால் 12 அசையும் வசமாகிவிடும். போலிஷில் அழுத்தம் பொதுவாகக் கடைசிக்கு முந்திய அசையில் விழும். இங்கே அது 'நெச்'. கான்ஸ்டான்டிநோபிளைச் சேர்ந்த சின்னப் பெண் என்று பொருள். நாப்பயிற்சிக்குத் தவிர வேறெதற்கும் இது பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

கேள்வி: எனக்கு 13 அசை வருகிறதே?

பதில்: 'வியா'வை வி, யா என்று இரண்டாக எண்ணியிருப்பீர்கள். தமிழில் எழுதிப் பார்ப்பதால் வரும் வினை இது. போலிஷில் உயிருக்கு முன் நிற்கும் இகரம் பெரும்பாலும் முந்திய மெய்யை மென்மையாக்கும் குறி மட்டுமே. தனி அசை ஆகாது. உயிரொலிகளை எண்ணுங்கள், அதுவே அசைக் கணக்கு. நம் யாப்பின் நேரசை, நிரையசையை இதற்குள் கொண்டுவராதீர்கள். நிரையில் இரண்டு உயிர் இருக்கும், கணக்கு குழம்பிவிடும்.

கேள்வி: 'சிதாலிஷ்மி' (படித்தோம்) என்பதில் 'லி'யை அழுத்தினால் ஆசிரியை திருத்துகிறார். வெளியே பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

பதில்: இருவர் பக்கமும் நியாயம் உண்டு. செம்மையான உச்சரிப்பில் அழுத்தம் 'தா'வில். காரணம் சுவையானது: 'ஷ்மி' ஒரு காலத்தில் தனியாக நின்ற துணைவினை. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது; ஆனாலும் அழுத்தத்தை நகர்த்தும் உரிமை அதற்குக் கிடைக்கவில்லை. 'படித்திருப்போம்' என்ற பொருளில் 'சிதாலிபிஷ்மி' என்று இன்னோர் அசை கூடினாலும் அழுத்தம் அதே 'தா'வில்தான். அதாவது கடைசியிலிருந்து நான்காவது அசை. பேச்சில் 'லி' மலிந்துவிட்டது என்பது உண்மை. மேடையில் பேசும்போது 'தா'வை விடாதீர்கள்.

கேள்வி: 'ஊநிவெர்சிதெத்' (பல்கலைக்கழகம்)?

பதில்: விதிவிலக்கு. அழுத்தம் 'வெர்'. ஆனால் வேற்றுமை உருபேற்று 'ஊநிவெர்சிதேது' ஆனதும் நல்ல பிள்ளையாக விதிக்குள் வந்துவிடும்: 'தே'. 'மாதெமாதிகா'வில் (கணிதம்) இரண்டாவது 'மா'.

கேள்வி: வரிமுடிவில் 'சியோஸ்த்ரா'வை (சகோதரி) எங்கே உடைப்பது?

பதில்: 'ஸ்' முன்பு, 'ஸ்' பின்பு, 'த்' பின்பு என மூன்று இடத்திலும் உடைக்கலாம். ஒரே மெய் இரட்டித்து வந்தால் மட்டும் நடுவில்தான் உடைக்க வேண்டும்.