பால்கேயின் மிஞ்சிய றீல்கள்: கேள்வி பதில்

போன சனிக்கிழமை கல்லடியில் எங்கள் படவட்டத்தில், இந்தியத் திரைப்படத்தின் முன்னோடியான தாதாசாகேப் பால்கேயின் மௌனப் படங்களில் மிஞ்சிக் கிடப்பவற்றைப் போட்டுக் காட்டினோம். ராஜா ஹரிச்சந்திரா, லங்கா தகன், ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா, காளிய மர்தன் ஆகிய நாலிலும் இருக்கிற துண்டுகள். முடிந்ததும் கடதாசித் துண்டுகளில் கேள்விகள் வந்து குவிந்தன. இரண்டுக்குப் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. மிச்சத்துக்கு இங்கே எழுதுகிறேன்.

வந்தாறுமூலை, கம்பஸில் படிக்கும் தங்கச்சி: இந்த மனுசன் மொத்தம் எத்தனை படம் எடுத்தார்? ஏன் இவ்வளவுதான் மிச்சம்?

தொண்ணூறுக்கு மேல் படங்கள், அதற்கு மேலே இருபதுக்கும் கூடுதலான குறும்படங்கள். அன்றைய பிலிம் நைத்திரேற்றில் செய்தது. தீ பிடித்தால் அணைக்க முடியாது, எரியத் தேவையான ஒட்சிசனைத் தானே விடும். தீ பிடிக்காவிட்டாலும் வெக்கையிலும் ஈரத்திலும் முதலில் பிசுபிசுக்கும், பிறகு மண்ணிறத் தூளாகும். நம்முடைய வாவிக்கரைக் காற்றில் அலுமாரிக்குள் வைத்த புத்தகமே பூஞ்சணம் பிடிக்கிறதே, அதுபோல நினையுங்கள். ஓடி முடிந்த படத்துக்கு விலை இல்லை. பிலிமில் இருக்கிற வெள்ளிக்குத்தான் விலை. அதற்காகவே கரைத்தவர்கள் உண்டு.

இன்று நாம் பார்ப்பவை பூனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே இருந்த பி. கே. நாயர் என்ற மனிதர் பால்கேயின் பிள்ளைகளைத் தேடிப்போய்த் துண்டு துண்டாகச் சேர்த்தவர். அவர் அலையாமல் இருந்திருந்தால் சனிக்கிழமை நாங்கள் வெறும் திரையைப் பார்த்திருப்போம்.

ஆரையம்பதியிலிருந்து, கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார்: அரிச்சந்திரன் கதை எங்களுக்குப் பழகின கதை. ஆனால் படத்தில் ஆட்கள் நிற்கிற நிலை கூத்துப் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. எதனால்?

ஐயா, சனிக்கிழமை வந்த கேள்விகளில் என்னை நித்திரை கொள்ளவிடாத கேள்வி இது. முதல் காட்சியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அரசன் மகனுக்கு வில் பழக்குகிறான், அரசி பக்கத்தில். மூன்று பேரும் நடுவில், முகம் எங்களைப் பார்த்தபடி. கமரா அசையவில்லை. பிறகு சட்டத்துக்கு வெளியிலிருந்து குடிமக்கள் உள்ளே வருகிறார்கள். நீங்கள் அதைக் கண்டதும் "வரவு" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஆனால் நமது கூத்துக் களரி வட்டம். நாலு பக்கமும் சனம் இருக்கும், ஆடுகிறவர் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் முகம் காட்டுவார். பால்கேக்கு ஒரே பக்கம். அந்த ஒரு பக்கத்தை அவர் எடுத்த இடம் வேறு. படம் எடுக்க வருமுன் அவர் லோனாவ்லாவில் ஓவியர் ரவிவர்மாவின் பெயரில் இருந்த அச்சகத்துக்கு வேலை செய்தவர். எங்கள் வீடுகளில் தொங்குகிற சாமிப்படக் கலண்டருக்கு மூலம் அந்த வகைப் படங்கள்தான். அரசன், அரசி, பிள்ளை நிற்கிற விதம் அப்படியே சுவரில் தொங்குகிற படம். அது அசையத் தொடங்கி, வெளியே இருந்து ஆள் உள்ளே வருகிறபோது சட்டத்துக்கு அப்பாலும் ஒரு ஊர் இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. அச்சுப்படத்தில் அது நடக்காது. இந்தத் துண்டில் எனக்கு மிகப் பிடித்த கணம் அதுதான். சிவபெருமான் தோன்றுகிற கடைசிக் காட்சிகூட எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

களுவாஞ்சிக்குடி, ஒரு மகள்: அரிச்சந்திரனின் மனைவி தாரமதியாக (நம்ம சந்திரமதி) வந்தவர் உண்மையில் ஆம்பிளையா?

ஓம் மகள். அண்ணா சாளுங்கே. சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தவர். அங்கே மாதம் 10 ரூபாய், பால்கே 15 தருகிறேன் என்று கூட்டி வந்தார். பெண்கள் நடிக்க வரவில்லை, கேட்டுப் பார்த்து அலுத்துத்தான் இந்த ஏற்பாடு. பெண் வேடக்காரர் மீசை எடுக்க மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. தகப்பன் செத்தால்தான் மீசை எடுப்பது என்பது அவர்கள் வழக்கம். பெண் வேடம் கட்டுகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதினமில்லை.

ஆனால் 1913 முடிவதற்குள்ளேயே மோகினி பஸ்மாசுர் படத்தில் துர்காபாய் காமத்தும் அவருடைய மகள் கமலாபாயும் நடித்துவிட்டார்கள். அந்தப் படம் இல்லை. அந்த இரண்டு பெண்களையும் பால்கேயின் கமராவுக்கு முன்னால் நாம் பார்க்க முடியாமல் போனது எனக்கு ஆறாத கவலை.

இன்னொரு பெண்ணையும் சொல்லவேண்டும், பால்கேயின் மனைவி சரஸ்வதிபாய். அப்போது வாங்குகிற வெறும் பிலிமுக்கு ஓரத்தில் துளை இருக்காது. இருட்டறையில் இருந்து அந்தத் துளைகளைப் போட்டவர் அவர். மருந்து கலந்து பிலிம் கழுவுவதும், வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் சமைப்பதும் அவர் கையில்தான். படச் செலவுக்கு அவருடைய நகையும் போனது.

சித்தாண்டி, ஒரு தம்பி: யூடியூபில் பார்த்தால் எல்லாரும் ஓடுகிறார்கள். நீங்கள் காட்டினபோது சாதாரணமாக நடந்தார்கள். படத்தில் கை வைத்தீர்களா?

வேகத்தில் மட்டும் கை வைத்தேன். அன்றைய கமரா கையால் சுற்றுவது. செக்கனுக்குப் பதினாறு, பதினெட்டுப் பிரேம் அளவில் எடுத்ததை இருபத்துநாலில் ஓட்டினால் ஆள் ஓடத்தான் செய்வான். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். ஆகவே பதினாறில் ஓட்டினால் ஒரு அடி ஒரு செக்கன். ராஜா ஹரிச்சந்திராவில் மிஞ்சியது 3700 அடியில் 1475 அடி. அதாவது இருபத்தைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் கூட்டி ஓட்டினால் அழுகிற காட்சிக்கும் சனம் சிரிக்கும். அந்தப் பிழை பால்கேயுடையது இல்லை.

மட்டக்களப்பு நகர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ராஜா ஹரிச்சந்திரா என்று நாங்கள் பார்த்தது 1913ஆம் ஆண்டுப் படம்தானா?

சேர், இதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு உண்டு. 1913 மே 3ஆம் திகதி பம்பாய் கொரனேஷன் தியேட்டரில் ஓடிய படத்தை, 1917இல் பால்கே திரும்ப எடுத்தார். கையிலிருக்கிற துண்டு அந்த இரண்டாவது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம் சாய்கிறேன். "இந்தியாவின் முதல் படம்" என்று பெயர் போட்டுக் காட்டினால் கூட்டம் வரும் என்பதற்காக அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை.

கல்முனை, ஒரு அக்கா: காளிய மர்தனில் சின்னக் கிருஷ்ணனாக வருகிற பிள்ளை யார்? அவ்வளவு துணிவாக நிற்கிறது.

பால்கேயின் மகள் மந்தாகினி. ஏழு வயது. படம் 1919. ஏறக்குறைய 6000 அடியில் 4441 அடி இருக்கிறது. பால்கேயின் கையை நின்று பார்க்கவேண்டுமென்றால் இதுதான் இடம்.

தொடக்கத்தைக் கவனித்தீர்களா? கதைக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் முகம் மட்டும் வருகிறது. சிரிக்கிறது, கோபிக்கிறது, பயப்படுகிறது. பிறகு அந்த முகமே கிருஷ்ண வேடத்துக்குள் கரைகிறது. இது என் மகள், இனிக் கிருஷ்ணன் என்று தகப்பன் எங்களுக்குச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குகிறார். எதையும் ஒளிக்கவில்லை. அப்படியிருந்தும் ஐந்து நிமிடத்தில் நாம் மகளை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது ஆற்றுக் காட்சி. பிள்ளை தண்ணீருக்குள் போய்விட்டது. அடியில் பாம்போடு புரளுகிறது. பால்கே அங்கேயே நிற்கவில்லை. கரைக்கு வருகிறார், சனம் கதறுகிறது. திரும்ப அடிக்குப் போகிறார், திரும்பக் கரைக்கு வருகிறார். பாம்பு செய்பொருள் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் கரையில் நிற்கிற தாயின் முகத்தைக் கண்டபிறகு அது உயிர்ப்பாம்பு. வில் பழக்குகிற காட்சியில் எல்லாரையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்திய மனிதர், இங்கே ஒருவரையொருவர் காணமுடியாத இரண்டு இடங்களைக் கத்தரித்து ஒட்டி ஒரே துடிப்பாக்குகிறார். தந்திரக் காட்சிகளை மட்டும் பார்த்து "அந்தக் காலத்திலேயே எப்படி எடுத்தான்" என்று வியந்துவிட்டுப் போனால் இந்த வளர்ச்சி கண்ணில் படாது. கரையைப் பாருங்கள்.

காத்தான்குடி, ஒரு நானா: லங்கா தகனில் நம்ம இலங்கையைக் கொஞ்சமாவது காட்டினாரா?

இல்லை நானா. 1917இல் அவர் நாசிக்கில் இருந்துதான் வேலை செய்தார். இலங்கை அவருக்குக் கதையில் வருகிற ஊர் மட்டும். சாளுங்கேயே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். மிஞ்சிய சில நிமிடங்களில் அசோகவனச் சீதை இருக்கிறாள். இராமன் திரையில் வந்ததும் சனம் செருப்பைக் கழற்றியது என்று சொல்வார்கள்.

அக்கரைப்பற்று: பால்கேயின் கடைசிக் காலம்?

1918இல் பங்காளிகளோடு கம்பனி தொடங்கினார், பிணக்குப்பட்டுக் காசிக்குப் போனார், திரும்பி வந்தார். 1931இல் பேசும்படம் வந்துவிட்டது. 1937இல் ஒரேயொரு பேசும்படம், கங்காவதரண். 1944 பெப்ரவரி 16இல் நாசிக்கில் காலமானார். அவர் பெயரில் விருது வந்தது 1969இல்.

திருக்கோவில், ஒரு தம்பி: எங்கட பக்கம் மௌனப்படம் எதுவுமே மிஞ்சவில்லையா?

இலங்கையின் முதல் கதைப்படமாகச் சொல்லப்படும் ராஜகீய விக்கிரமய 1925இல் எடுத்தது. பின்னாளில் அரசியலில் பெயரெடுத்த என். எம். பெரேரா நடித்தார். தீயில் போய்விட்டது. தமிழ்நாட்டில் நடராஜ முதலியார் எடுத்த கீசக வதமும் இல்லை. நாகர்கோவில்காரர் தயாரித்த மார்த்தாண்ட வர்மா (1933) மட்டும் ஒரு வழக்கால் பிழைத்தது. படத்துக்கு மூலமான மலையாள நாவலைப் பதிப்பித்தவர் உரிமை கேட்டு வழக்குப் போட்டார், படம் நின்றது, பிரதி அவர் புத்தகக் கடையில் முடங்கிக் கிடந்தது. நாலு ஊருக்கு ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும்.

காரைதீவு, ஒரு அக்கா: எங்கட அப்பா தியேட்டரில் ஒப்பரேட்டராக இருந்தவர். வீட்டுப் பரணில் ஒரு தகரப் பேணி இருக்கிறது, உள்ளே பிலிம். புளிச்ச மணம் வருகிறது. எறியவா?

எறியவேண்டாம் அக்கா. வினாகிரி போலப் புளித்த மணமென்றால் அநேகமாக அசற்றேற் பிலிம். தீப்பிடிக்கிற வகை இல்லை, ஆனால் அழியத் தொடங்கிவிட்டது. ஓரத்தில் ஆங்கிலத்தில் "சேஃப்ட்டி" என்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். மண்ணிறத் தூளோ பிசுபிசுப்போ கண்டால் உடனே மூடி, குசினிக்கும் சாமி விளக்குக்கும் தூரத்தில் வைத்துவிடுங்கள். எந்த மெசினிலும் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டாம், துளைகள் கிழியும். பரணில் ஓட்டு வெக்கை அடிக்கும், இன்றைக்கே கீழே இறக்கிக் காற்றுப் படுகிற, ஈரமில்லாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். பேணியின் மேல் அப்பா எழுதின கடதாசி ஏதும் ஒட்டியிருந்தால் அதை உரிக்காதீர்கள். வாற ஞாயிறு நான் கண்ணாடியும் வெள்ளைக் கையுறையும் கொண்டு அந்தப் பக்கம் வருகிறேன்.