கருவாட்டு வாடைக்குப் பயந்து சமையலை விட வேண்டாம்

தம்பி, ஆச்சி என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் உரிமையோடே சொல்கிறேன். செட்டிநாட்டுப் புதுவயலிலிருந்து ஜனவரியில் டொரான்டோ வந்து அடுக்குமாடியில் குடியேறியிருக்கிறீர்கள். இங்கே தமிழ்க் கடையில் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்தீர்கள். ஒரு வாரம் கழித்தும் வாடை போகவில்லை, ஆபீஸுக்குப் போடும் கோட்டிலும் அடிக்கிறது. நம்ம ஊர்ச் சமையலையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறீர்கள்.

நிறுத்தவே வேண்டாம். ஊரில் நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். வாசல்கள் நேருக்கு நேர், நடுவில் வானம் தெரியும் வளவு என்கிற முற்றம், அடுப்படி வீட்டின் கடைசிப் பகுதியில். உப்புக்கறிக்கு வரமிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தாலும் நெடி நிற்க இடமில்லை. இங்கே குளிருக்கு ஜன்னலை இறுக மூடிவைத்து, அடுப்பு, சோபா, கோட்டு அலமாரி எல்லாம் ஒரே கூரைக்குள் பத்தடி தூரத்தில் வைத்திருக்கிறோம். வெளியேற வழியில்லாத வாடை துணியிலும் சுவரிலும் தங்கிவிடுகிறது.

முதலில் அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியை ஓடவிட்டு, அதன் முன்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். காற்று உங்கள் கையில் அடித்தால் அது எதையும் வெளியே அனுப்பவில்லை, வடிகட்டி அறைக்குள்ளேயே விடுகிறது. அடுக்குமாடிகள் பலவற்றில் இப்படித்தான். இந்த வகையில் உலோக வலை எண்ணெயைப் பிடிக்கும், கரி வடிகட்டி வாடையைப் பிடிக்கும். வலையைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடியுங்கள். கண்ணி தெரியாமல் மஞ்சளாக அடைத்துக்கொண்டிருந்தால் நல்ல சுடுதண்ணீரில் பாத்திர சோப்பு கலந்து ஊறப்போட்டுத் தேயுங்கள். கரியைக் கழுவிப் பலனில்லை, புதிதுதான் வாங்க வேண்டும்.

அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி, அடுப்பை ஒட்டிய அலமாரியின் மேல்தட்டை விரலால் இழுத்துப் பாருங்கள். பிசின் மாதிரி ஒட்டும். தாளிக்கும்போது பொடிப்பொடியாகப் பறக்கிற எண்ணெய்தான் அப்படிப் படிகிறது. வாடை அதில் தங்கி, ஹீட்டர் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்துகொண்டே இருக்கும். முந்திக் குடியிருந்தவர்கள் சமைத்ததும் அதில் சேர்ந்திருக்கலாம். அந்தப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து எடுக்காதவரை ஊதுபத்தியும் ஸ்பிரேயும் வீண் செலவு.

கருவாட்டு வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்திலமைன் என்ற பொருள். அது காரத்தன்மை உள்ளது, புளிப்புப் பட்டால் அடங்கும். மீன் குழம்புக்குப் புளியை விடாமல் கரைத்து ஊற்றுகிறோமே, அதில் இந்த நன்மையும் உண்டு. ஆகவே சமையல் மேடை, சிங்க், குப்பைக் கூடையின் உட்புறம் எல்லாவற்றையும் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் துடையுங்கள். ஆனால் வினிகரோடு ப்ளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூடிய வீட்டில் அது ஆபத்து.

வாடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே இருந்து தேடினால் தெரியாது, மூக்கு பழகிப்போயிருக்கும். அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்து, கதவைத் திறந்த கையோடு திரைச்சீலை, குஷன் உறை, கால்மிதி என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். துவைக்க முடிந்ததைத் துவையுங்கள். கார்ப்பெட்டில் சமையல் சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் வேக்யூம் போடுங்கள்.

யாரும் புழங்காத இரண்டாவது குளியலறையில் சாக்கடை வாடை வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது வேறு சங்கதி. வடிகுழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிறது. குளிர்காலத்து வறண்ட காற்றில் அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், அவ்வப்போது ஊற்றி வாருங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். எரிவாயு உள்ள கட்டடத்தில் திடீரென்று அழுகிய முட்டை வாடை வந்தால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எரிவாயுவுக்கு வாசனை கிடையாது, கசிவு தெரியட்டும் என்றுதான் அந்த வாடையைச் சேர்க்கிறார்கள். எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை குழம்பு வைக்கும் முன்பே கோட்டுகளைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். தாளிக்கும்போது எதிரெதிரே இரண்டு ஜன்னலைப் பத்து நிமிடம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் போதும். சுவரும் சாமான்களும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மூடியதும் வீடு சீக்கிரமே பழையபடி கதகதப்பாகிவிடும். இப்போது வாடை அடிக்கிற கோட்டைச் சலவைக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். பனி பெய்யாத நாளாகப் பார்த்து, ஒரு பகல் முழுக்கப் பால்கனியில் தொங்கவிட்டுப் பாருங்கள்.