மணிமுத்தாறு அணையிலிருந்து நீர்விமானம் எழும்புமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் தோப்பும் சிறிய விருந்தினர் விடுதியும் வைத்திருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, இருவர் அமரும் பொழுதுபோக்கு நீர்விமானத்தை அறிவித்து முன்பதிவுப் பணம் கேட்கிறது. விமானத்தின் வெற்று எடை 120 கிலோ, ஆளும் எரிபொருளும் சேர்த்து மொத்த எடை 300 கிலோ, என்ஜின் 40 குதிரைத்திறன், இறக்கைப் பரப்பு 8 சதுர மீட்டர் என்கிறார்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்திலேயே நீரை விட்டு எழும்புமாம். அமெரிக்காவில் உரிமமே தேவையில்லையாம். இதுவரை கணினிப் படங்கள்தான் வந்திருக்கின்றன. மணிமுத்தாறு அணையிலோ பக்கத்துக் குளத்திலோ இதை ஓட்ட முடியுமா? பணம் கட்டலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம். நீர்விமானம் என்பதே நடவாத காரியம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்திருக்கும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதுதான் என் தயக்கம்.

முதலில் 50 கி.மீ. என்ற வேகத்தைப் பார்ப்போம். நம் ஊரில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் 15 டிகிரிக் காற்றைவிட இங்குள்ள காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்துவிடும். அந்தக் காற்றில், 8 சதுர மீட்டர் இறக்கை 300 கிலோவை 50 கி.மீ. வேகத்தில் தூக்க வேண்டுமானால், அதன் தூக்குக் கெழு (இறக்கை எவ்வளவு நன்றாகத் தூக்குகிறது என்பதைக் காட்டும் எண்) 3.3-க்கு மேல் இருந்தாக வேண்டும். சாதாரண இறக்கைக்கு அது 1.5 அளவிலும், எளிய மடிப்புத் தகடுகள் வைத்த இறக்கைக்கு 2 அளவிலும் நின்றுவிடும். மூன்றைத் தாண்டுவதெல்லாம் பெரும்பாலும் பெரிய விமானங்களில் உள்ள சிக்கலான, கனமான அமைப்புகளுக்கே இயலும். ஆகவே கெழு 2 என்று கொள்ளும் நியாயமான கணக்கில் இது எழும்பும் வேகம் 65 கி.மீ.; அதுவும் எடை உண்மையிலேயே 300 கிலோவாக இருந்தால்.

எடைதான் எனக்குப் பெரிய சந்தேகம். இந்த வகை விமானங்களில் பல காலம் புழங்கிய 65 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 582 என்ஜின், பற்சக்கரப் பெட்டி, புகைக்குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 கிலோ வரும். 40 குதிரைத்திறன் என்ஜின் இதைவிடச் சற்று இலகுவாக இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். மீதமுள்ள எழுபது, எண்பது கிலோவுக்குள் அலை அடியைத் தாங்கும் படகு உடல், மடங்கும் இறக்கை, இரண்டு இருக்கைகள், கரையேறச் சக்கரங்கள் ஆகிய அனைத்தையும் அடக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெற்று எடை 200 கிலோவைத் தாண்டும் என்றே கருதுகிறேன். அப்போது மொத்தம் 380 கிலோ; எழும்பும் வேகம் 73 கி.மீ.

இனி, தரை விமானத்துக்கு இல்லாத ஒரு தடை இருக்கிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் நீர்மேல் தத்திக்கொண்டு போகும். மெதுவாக எறிந்தால் முழுகிவிடும். நீர்விமானமும் முதலில் படகைப் போல நீரை உழுதுகொண்டு போய், ஒரு கட்டத்தில் மேலேறி அந்தச் சில்லைப் போலச் சறுக்கத் தொடங்க வேண்டும். எழும்பும் வேகத்தில் பாதியை எட்டுவதற்கு முன்பே நீரின் எதிர்ப்பு உச்சத்துக்குப் போய்விடும். அது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இருக்கும். 380 கிலோவுக்கு அது 76 முதல் 95 கிலோ. படத்தில் தெரியும் சுழலி ஒரு மீட்டர் விட்டத்துக்கு மேல் இருப்பதாகத் தெரியவில்லை. 40 குதிரைத்திறனில் அது நின்ற இடத்தில் தரும் தள்ளுவிசை 85 கிலோ அளவில்தான் இருக்கும், ஓடத் தொடங்கினால் இன்னும் குறையும். அதாவது, இருவர் ஏறிய பிறகு அணையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நனைந்தபடி கரைக்கு வந்து சேரும் வாய்ப்பே அதிகம்.

உரிமம் பற்றிச் சொன்னதிலும் பிசகு இருக்கிறது. அமெரிக்காவில் 1982 முதல் உள்ள அந்த விலக்கு, ஒருவர் மட்டுமே அமரும், வெற்று எடை ஏறத்தாழ 115 கிலோவுக்குக் குறைந்த விமானத்துக்குரியது. மிதவைகளின் எடைக்குச் சலுகை உண்டு. இரண்டாவது இருக்கைக்கு இல்லை. இந்தியாவிலோ மைக்ரோலைட் எனப்படும் மிக இலகுவான விமானத்துக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும், ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டும்.

பணபலம் உள்ளவர்களே இதில் திணறியிருக்கிறார்கள். 2008-இல் அறிவிக்கப்பட்ட ஐகான் ஏ5 என்ற இருவர் நீர்விமானத்துக்கு 100 குதிரைத்திறன் என்ஜின் இருந்தும், அந்த வகை இலகு விமானங்களுக்கு உரிய எடை வரம்புக்குள் அடங்காமல் 2013-இல் அமெரிக்க அரசிடம் விலக்குப் பெற்றார்கள். தொடக்கத்தில் 1,39,000 டாலராக இருந்த விலை பிறகு 3,89,000 டாலரானது. 2024-இல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. அது நன்றாகப் பறக்கும் விமானம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாபநாசம் அணை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அதை மறந்துவிடுங்கள். மணிமுத்தாறு பாசன அணை; நீர்வளத்துறை அனுமதியின்றிப் படகுகூட இறக்க முடியாது. குளங்களில் மீன்பாசிக் குத்தகைக்காரர்களின் வலையும் நீர்மேல் படரும் அமலைச்செடியும் இருக்கும். கூந்தன்குளம் பக்கமோ கூழைக்கடாக்கள் கூட்டமாகப் பறக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது குளத்தில் தண்ணீர் இருக்காது, இருந்தாலும் அலையடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இறங்குவதுதான் பாடு. தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையமும் விஜயநாராயணம் கடற்படைத் தளமும் இருப்பதால், வான்பரப்புக் கட்டுப்பாடுகளை எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் திட்டமிட வேண்டாம்.

அவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். இரண்டு ஆட்களையும் முழு எரிபொருளையும் ஏற்றிய விமானத்தைத் தராசில் நிறுத்திக் காட்டிவிட்டு, காற்றில்லாத வெயில் நேரத்தில் அது நின்ற நிலையிலிருந்து நீரை விட்டு எழும்பும் வரை வெட்டில்லாமல் எடுத்த காணொளி வேண்டும். பின்னணியில் கரை தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரும் வானமும் மட்டும் இருந்தால், எவ்வளவு தூரம் ஓடி எழும்பியது என்பதை நீங்கள் அளக்க முடியாது.