பகுதிநேர பிஎச்.டி.க்குக் காடா, குளமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் தாவரவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பகுதிநேர பிஎச்.டி. சேர்ந்து பேச்சிப்பாறைக் காட்டு மரங்களை ஆய்வு செய்ய ஆசை. மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். காட்டுக்குள் போக அனுமதி எப்படி வாங்குவது?

பதில்: கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நெறியாளர் கையெழுத்தோடு கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள். எந்த இடம், எந்த மாதங்கள், கூட வருபவர் யார், இலை பூ பறிப்பீர்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பறிப்பதைச் சொல்லாமல் விட்டால் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்களிடம் மருந்துச் செடி விவரம் கேட்பதாக இருந்தால், அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

சரி, அனுமதி கிடைத்தாலும் உங்களுக்குக் காட்டை நான் சொல்ல மாட்டேன். பள்ளி இல்லாத நாளில்தான் உங்களால் போக முடியும். அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டாலோ, யானை நிற்கிறது என்று தடுத்தாலோ, அந்த மாதக் கணக்கு போச்சு.

குளத்தை எடுங்கள். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூனில் அணை திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு நெல் பருவம், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழை. இதற்கேற்பக் குளத்து நீர் ஏறி இறங்க, தாமரையும் ஆகாயத்தாமரையும் சம்புக்கோரையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எது எப்போது எதை ஒதுக்குகிறது என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. கரையிலிருந்து உள்நோக்கிக் கயிறு பிடித்து, ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகளில் நீராழத்தையும் எந்தச் செடி எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். குளம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வனத்துறையைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மூன்று வருடம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தபட்சக் காலம். ஆறு வருடம் வரை போகலாம், பெண்களுக்கு மேலும் தளர்வு உண்டு. ஒரு வருடத் தரவை நம்பாதீர்கள். வடகிழக்கு மழை பொய்த்த ஆண்டாக அது அமைந்துவிட்டால் முடிவே தலைகீழாகிவிடும். இரண்டு முழு ஆண்டாவது வேண்டும். பிஎச்.டி.க்கான பாடத்திட்டப் படிப்பை (கோர்ஸ் ஒர்க்) மே மாதத்துக்குள் முடித்துவிட்டால், அணை திறக்கும்போதே முதல் அளவெடுப்பைத் தொடங்கலாம். பகுதிநேரம் என்பதால் பள்ளியின் தடையில்லாச் சான்றிதழை இப்போதே கேட்டு வையுங்கள். இழுத்தடிப்பது பெரும்பாலும் அதுதான்.

அப்புறம் மாதிரி சேகரிப்பு. வேலம்பாசி போல நீருக்குள் மூழ்கி வளரும் செடியைக் கையில் தூக்கினால் கற்றையாக ஒட்டிக்கொள்ளும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதை மிதக்கவிட்டு, அடியில் கெட்டி வெள்ளைத்தாளைச் செருகி, இலைகளைப் பிரித்துவிட்டு, தாளோடு சாய்வாகத் தூக்குங்கள். மேலே மெல்லிய துணி போட்டு, நாளிதழ்த் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். நம்மூர் ஈரத்துக்கு நாளிதழ்த் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பெயரில் சந்தேகமுள்ளவற்றைக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குக் கொண்டுபோய் உறுதி செய்துகொள்ளுங்கள்.