கேள்வி–பதில்: வரியோடிய வால்நட்டும் பிளந்த கைப்பிடியும்

கேள்வி: என் தாத்தா விட்டுச்சென்ற மவுசர் வேட்டைத் துப்பாக்கி இப்போது என் பெயரில் உரிமம் பெற்றுள்ளது. அதன் மரக்கட்டை கைப்பிடியருகே பிளந்துவிட்டது. சென்ற ஆண்டு விழுந்த வால்நட் மரத்தின் கவட்டையிலிருந்து அறுத்த இரண்டரை அங்குலப் பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. தீ நாக்குகளைப் போல வரியோடிய அப்பலகையில் ஒரு கணுவும் சாண் நீள வெடிப்பும் உள்ளன. புதுக் கட்டைக்கு அது ஆகுமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா)

பதில்: ஆகும், ஆனால் கணுவும் வெடிப்பும் எங்கே விழுகின்றன என்பதைப் பார்த்தே சொல்ல வேண்டும். துப்பாக்கிக் கட்டையில் மிக மெலிந்த இடம் கைப்பிடி. சுடும்போது பின்னோக்கி வரும் உதை முழுவதும் அவ்வழியாகவே தோளுக்கு வந்து சேர்கிறது. அங்கே மரத்தின் நார் கைப்பிடியின் போக்கிலேயே நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், எவ்வளவு வைரம் பாய்ந்த மரமானாலும் பிஸ்கட் முறிவதைப் போல முறிந்துவிடும். கவட்டை மரத்தின் அழகே நார் திசைமாறிப் பின்னுவதால் வருவதுதான். ஆகவே அந்த அழகு தோளில் பதியும் அகன்ற அடிப்பகுதியில் அமையட்டும். குழல் தங்கும் முன்பகுதியிலும் நேர்நாரே நல்லது, இல்லையேல் மரம் முறுக்கிக்கொண்டு குழலை ஒருபுறம் தள்ளும்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் பழைய கட்டையின் உருவரையை வெட்டியெடுத்து, பலகையின் இருபுறமும் வைத்து நகர்த்திப் பாருங்கள். அட்டையில் வெட்டினால் அடியிலுள்ள நார் தெரியாது. கணு அடிப்பகுதியில் விழுந்தால் அப்படியே விட்டுவிடலாம். எனக்கு அது அழகாகவே படும். வெடிப்பு அங்கே விழுந்தால், கருப்புச் சாயம் கலந்த எப்பாக்சிப் பசையை ஆழம்வரை இறக்கி நிரப்பலாம். கைப்பிடியிலோ, உதையைத் தாங்கும் இரும்புக் காது பதியும் இடத்திலோ விழுந்தால், எந்தப் பசையையும் நம்பாமல் வேறு பலகை தேடுங்கள்.

அதற்கு முன் மரம் காய வேண்டும். அங்குலத்துக்கு ஓராண்டு என்பது மரக்காரர்களின் பழைய கணக்கு. தங்கள் பலகைக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் பொறுக்க வேண்டியிருக்கும். இரு முனைகளிலும் மெழுகு பூசி, மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பலகையின் மேலேயே பென்சிலால் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றபின் உளியை எடுக்கலாம். ஈரப்பதம் மிகுந்த நம் கடற்கரைப் பக்கத்தில் செய்த கட்டை, வறண்ட உள்நாட்டுப் பகுதியான கரூவுக்கு வேட்டைக்குப் போனால் சுருங்கும் என்பதால், வெளிப்புறத்தைப் போலவே இரும்பு பதியும் உட்குழியிலும் எண்ணெய் பூசிவிடுங்கள்.

தாத்தாவின் கட்டையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பிளவு, துப்பாக்கி இரும்பின் பின்னோக்கி நீண்ட வால்பகுதி முடியும் இடத்துக்கு நேர் பின்னே தொடங்குகிறதா? அப்படியானால் வாலுக்கும் மரத்துக்கும் இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு வெடிக்கும் வால் ஆப்பாகி மரத்தைப் பிளந்திருக்கிறது. புதுக் கட்டையில் அங்கே அரை மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். இறுதிப் பொருத்தலையும் முதல் சோதனையையும் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் விடுவதே என் யோசனை.

கேள்வி: வால்நட்டுக்குப் பதில் நம் தென்னாப்பிரிக்காவின் தம்போட்டி மரத்தில் கட்டை செய்யலாமா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: கருஞ்சிவப்பும் பழுப்புமாகக் கோடிட்ட அம்மரத்தின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அது கனமானது. தூக்கி நடக்கும் துப்பாக்கிக்குச் சுமை. அதைவிட, பால் கண்ணைப் பறிக்கும் என்று தமிழ்நாட்டில் அஞ்சும் தில்லை மரமும் தம்போட்டியும் ஒரே குடும்பம். தம்போட்டியின் பாலும் தூளும் கண்ணைப் புண்ணாக்கும். விறகாக்கினால் அதன் புகையில் சுட்ட இறைச்சி வயிற்றைக் கெடுக்கும். காற்றோட்டமும் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

நானாக இருந்தால் கியாட் என்னும் இந்நாட்டு மரத்தை எடுப்பேன். தமிழ்நாட்டு வேங்கையின் இனத்தைச் சேர்ந்த அது, வெட்டினால் வேங்கையைப் போலவே செந்நீர் வடிக்கும். காய்ந்தபின் சுருக்கமும் விரிவும் மிகக் குறைவு. 1998-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட மரமாதலால், உரிய தாள்களுடன் விற்பவரிடமே வாங்குங்கள்.

கேள்வி: மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூச உதவிய துணியைத் திரும்பப் பயன்படுத்தலாமா? (வாசகி, டோங்காட்)

பதில்: வேண்டாம். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். கசக்கிப் போட்ட துணி தானே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது நீர் நிரம்பிய தகரடப்பாவில் அமிழ்த்துங்கள்.